“அவுட்ஸ்டாண்டிங் ஸ்கூல்” என்றால் என்ன? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங், இல்ஃபோர்ட் என்று நம்மவர்கள் வீடு தேடும் எந்தப் பக்கம் போனாலும் முதலில் காதில் விழுவது “அந்த ஸ்கூல் அவுட்ஸ்டாண்டிங்” என்பதுதான். வீட்டு ஏஜென்ட் சொல்வார். ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் சொந்தக்காரர் சொல்வார். பள்ளி வேலியில் கட்டியிருக்கும் பேனரும் அதையே சொல்லும். அதை நம்பி வாடகையைக் கூட்டிக் கொடுத்து வீடு பிடிப்பவர்கள் உண்டு. அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள், எந்த வருடம், எதைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அது மட்டுமல்ல, அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளுக்கு இப்படி ஒற்றைச் சொல்லில் மதிப்பெண் போடுவதே 2024 செப்டம்பரோடு நின்றுவிட்டது.

பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறவர்களுக்கும், சேர்த்துவிட்டு “அடுத்த நாள் ஆய்வு” என்று பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸில் எஸ்டின் என்ற தனி அமைப்பு இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் வேறு ஆய்வாளர்கள், வேறு நடைமுறை.

முதலில், யார் எதைப் பார்க்கிறார்கள்

பள்ளிகளை நேரில் போய் ஆய்வு செய்வது ஆஃப்ஸ்டெட். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான அமைப்பு. அரச ஆய்வாளர்கள் என்ற பதவி மட்டும் 1839இலிருந்தே இருக்கிறது. ஆஃப்ஸ்டெட் கல்வி அமைச்சின் கீழ் வரும் ஒரு பிரிவு அல்ல. நேரடியாக நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்கிறது. ஆய்வுக்கு வரும் குழுவில் முழுநேர அரச ஆய்வாளர்களும் இருப்பார்கள், வேறு பள்ளிகளில் இப்போதும் தலைமைப் பொறுப்பில் இருந்துகொண்டு பகுதிநேரமாக இந்த வேலை செய்பவர்களும் இருப்பார்கள். நர்சரி, வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கும் சைல்ட்மைண்டர், கல்லூரி எல்லாமே இவர்கள் கையில்தான்.

பணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளி என்றால் கவனம். பெயர்பெற்ற தனியார் பள்ளிகளில் பலவற்றை ஆஃப்ஸ்டெட் பார்ப்பதில்லை. ஐஎஸ்ஐ என்ற வேறொரு அமைப்பு பார்க்கிறது. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

தேர்வு முடிவுகளை வெளியிடுவது கல்வி அமைச்சு. தேர்வுகள் ஒழுங்காக நடக்கின்றனவா, மதிப்பெண்ணின் மதிப்பு வருடத்துக்கு வருடம் மாறாமல் இருக்கிறதா என்று கண்காணிப்பது ஆஃப்க்வால். இதற்கெல்லாம் மேலே, நாடு மொத்தமும் எப்படி இருக்கிறது என்று பார்க்க பீசா, டிம்ஸ், பிர்ல்ஸ் போன்ற சர்வதேசத் தேர்வுகளில் சில பள்ளிகளை மட்டும் மாதிரிக்கு எடுத்துக் கலந்துகொள்கிறார்கள். சிறுபிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் பிர்ல்ஸில் 2021 சுற்றில் இங்கிலாந்து 4ஆம் இடம் பிடித்ததைச் செய்தியில் பார்த்திருக்கலாம். அதை வைத்து உங்கள் தெருமுனைப் பள்ளியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் ஆண்டாய்வுக்கு அலுவலர் வருவதையோ, இலங்கையில் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வருவதையோ பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே உள்ள பெரிய வித்தியாசம் ஒன்றுதான். அங்கே அறிக்கை துறையின் கோப்புக்குள் போகும். இங்கே யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியாகிறது, உங்களையும் என்னையும் மனதில் வைத்துத்தான் எழுதப்படுகிறது. எனவே கூச்சமில்லாமல் படியுங்கள்.

அறிக்கையை எடுத்ததும் தேதியைப் பாருங்கள்

ஆஃப்ஸ்டெட் வலைத்தளத்தில் பள்ளியின் பெயரையோ உங்கள் போஸ்ட்கோடையோ கொடுத்துத் தேடலாம். ஒரே பெயரில் நாலைந்து பள்ளிகள் வந்து நிற்கும். செயின்ட் மேரிஸ் என்று தேடினால் தலை சுற்றும். ஒவ்வொரு பள்ளிக்கும் ஆறு இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. அதை ஒருமுறை குறித்துக்கொண்டால் குழப்பமில்லை. இன்னொரு சிக்கல்: பள்ளி அகாடமியாக (உள்ளூர் கவுன்சிலின் பொறுப்பிலிருந்து விலகி, அரசு நிதியிலேயே ஒரு அறக்கட்டளை நடத்தும் பள்ளியாக) மாறும்போது எண்ணும் மாறிவிடும், பழைய அறிக்கைகள் பழைய எண்ணிலேயே கிடக்கும். “இந்தப் பள்ளிக்கு இன்னும் அறிக்கை இல்லை” என்று காட்டினால் பழைய பள்ளியின் பக்கத்துக்கு இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, அறிக்கை கிடைத்துவிட்டது. மதிப்பீட்டுக்குப் போவதற்கு முன் தேதி. ஏனென்றால் இப்போது சுற்றில் இருப்பது மூன்று தலைமுறை அறிக்கைகள்.

2024 செப்டம்பருக்கு முந்தியவை: மொத்தப் பள்ளிக்கும் நான்கில் ஒரு சொல். மிகச் சிறப்பு (அதுதான் ‘அவுட்ஸ்டாண்டிங்’), நன்று, முன்னேற வேண்டும், போதாது. பேனரில் தொங்கும் “அவுட்ஸ்டாண்டிங்” இந்தக் காலத்தது.

2024 செப்டம்பர் முதல் 2025 கோடை வரை: மொத்தத்துக்கான ஒற்றைச் சொல் இல்லை. கல்வியின் தரம், நடத்தை, தனிமனித வளர்ச்சி, தலைமை என்ற நான்கு பகுதிகளுக்குத் தனித்தனியே அதே நான்கு தரங்கள்.

2025 நவம்பர் முதல்: புது ‘ரிப்போர்ட் கார்டு’. பகுதிகள் கூடின, தரங்கள் ஐந்தாகின.

ஏன் மாற்றினார்கள்? 2023 ஜனவரியில் ரீடிங் நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை ரூத் பெரி உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய பள்ளியை ‘மிகச் சிறப்பு’ நிலையிலிருந்து கடைசித் தரத்துக்கு இறக்கப் போகும் அறிக்கை அப்போது வெளியாகாமல் இருந்தது. ஆய்வும் அவருடைய மரணத்துக்கு ஒரு காரணம் என்று அந்த டிசம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பல வருடமாக ஆசிரியர்கள் சொல்லிவந்த குறை அதற்குப் பிறகுதான் மேலே எட்டியது. புது முறையும் ஆசிரியர் சங்கங்களுக்குத் திருப்தியில்லை. பெற்றோர் பக்கமிருந்து பார்த்தால், எனக்கு இது முன்னதைவிடப் பயனுள்ளதாகவே தெரிகிறது. ஒரு பள்ளியில் எது நன்றாக இருக்கிறது, எது சரியில்லை என்று இப்போது பிரித்துப் பார்க்க முடிகிறது.

பழைய அறிக்கைகளில் இன்னொரு பொறி உண்டு. 2012 முதல் 2020 வரை ‘மிகச் சிறப்பு’ வாங்கிய பள்ளிகளுக்கு வழக்கமான ஆய்விலிருந்து விலக்கு இருந்தது. சில பள்ளிகளுக்குப் பத்து வருடத்துக்கு மேல் யாரும் போகவில்லை. விலக்கை நீக்கி, 2021-22 கல்வியாண்டில் அப்படிப்பட்ட பள்ளிகளுக்கு முழு ஆய்வுக்குப் போனபோது, பார்த்தவற்றில் ஐந்தில் நான்குக்கும் மேல் அந்தப் பட்டத்தை இழந்தன. அவற்றில் பெரும்பாலானவை ‘நன்று’ ஆகின, குடிமுழுகிப் போய்விடவில்லை. ஆனாலும் தேதி பார்க்காமல் பட்டத்தை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தரம் கொடுக்காத சின்ன ஆய்வுகளும் நடந்தன. அந்த அறிக்கைகளில் “முந்தைய ஆய்வில் இருந்த தரத்தைத் தக்கவைத்துக்கொள்ள நடவடிக்கை எடுத்திருக்கிறது” என்பதுபோல் ஒரு வரி இருக்கும். அப்படியென்றால் தரம் எது என்று தெரிந்துகொள்ள அதற்கு முந்தைய அறிக்கையையும் திறக்க வேண்டும்.

புது ரிப்போர்ட் கார்டைப் படிக்கும் வரிசை

ஐந்து தரங்கள், மேலிருந்து கீழாக: தனிச்சிறப்பு, வலுவான தரம், எதிர்பார்க்கும் தரம், கவனம் தேவை, உடனடி முன்னேற்றம் தேவை. பகுதிகள்: எல்லாரையும் அரவணைத்தல், பாடத்திட்டமும் கற்பித்தலும், அடைவு, வருகையும் நடத்தையும், தனிமனித வளர்ச்சியும் நலனும், தலைமையும் நிர்வாகமும். ரிசெப்ஷன் வகுப்பும் (முதலாம் ஆண்டுக்கு முந்தையது) பன்னிரண்டாம், பதின்மூன்றாம் ஆண்டு வகுப்புகளும் இருந்தால் அவற்றுக்குத் தனி மதிப்பீடு.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு மட்டும் இந்த ஐந்து கிடையாது. நிறைவேற்றியிருக்கிறது, நிறைவேற்றவில்லை, அவ்வளவுதான். அதிலிருந்து தொடங்குங்கள். ‘நிறைவேற்றவில்லை’ என்றிருந்தால் மற்ற பகுதிகளில் என்ன இருந்தாலும் அங்கேயே நின்று விவரம் படியுங்கள்.

அடுத்து நம் ஆட்கள் இடறும் இடம் ‘எதிர்பார்க்கும் தரம்’. ஐந்தில் நடுவில் இருப்பதால் ‘ஜஸ்ட் பாஸ்’ என்று நினைத்துவிடுகிறார்கள். சட்டமும் வழிகாட்டு நெறிகளும் ஒரு பள்ளியிடம் கேட்பதையெல்லாம் அந்தப் பள்ளி செய்கிறது என்பதே அதன் பொருள். எல்லாப் பகுதியிலும் இந்தத் தரம் வாங்கிய பள்ளி நல்ல பள்ளிதான். ‘தனிச்சிறப்பு’ தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை.

மூன்றாவதாக, கீழே போய் ‘அடுத்து செய்ய வேண்டியவை’ பகுதி. ஒட்டுமொத்த அறிக்கையில் நான் ஊன்றிப் படிப்பது இதைத்தான். பாராட்டு வரிகள் எல்லா அறிக்கையிலும் ஒரே மாதிரி இருக்கும். பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், ஆசிரியர்கள் அக்கறையாக இருக்கிறார்கள். குறைதான் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். “சில பாடங்களில் பாடத்திட்டம் இன்னும் முழுமையாக வகுக்கப்படவில்லை” என்றிருந்தால், வரலாறோ புவியியலோ இசையோ இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். நிறையப் பள்ளிகளில் காணப்படும் குறை, பயப்பட வேண்டாம். “தொடக்க நிலையில் வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உதவி ஒரே சீராக இல்லை” என்றிருந்தால் அது வேறு. ஆங்கிலம் இப்போதுதான் பழகும் பிள்ளை உங்களிடம் இருந்தால் அந்த வரி உங்களுக்காகவே எழுதியது. “ஊழியர் மாற்றம் அதிகம்” என்று எங்காவது ஓரமாகச் சொல்லியிருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வருடத்தில் ஒரு வகுப்புக்கு மூன்று ஆசிரியர் வந்து போவது எப்படியிருக்கும் என்று பெற்றோருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அளவுச் சொற்களையும் விடாதீர்கள். ‘எல்லாரும்’, ‘பெரும்பாலோர்’, ‘சிலர்’, ‘மிகச் சிலர்’ எல்லாம் அலங்காரத்துக்குப் போட்டவை அல்ல, யோசித்துப் போட்டவை. “பெரும்பாலான பிள்ளைகள் நன்றாக நடந்துகொள்கிறார்கள்” என்றால் மீதிப் பேர் என்ன செய்கிறார்கள் என்பதே அடுத்த கேள்வி.

பிறகு எண்கள்

கல்வி அமைச்சின் பள்ளி ஒப்பீட்டுத் தளத்தில் தேர்வு முடிவுகள் இருக்கும். தொடக்கப் பள்ளிக்கு முக்கியமானது ஆறாம் ஆண்டு மே மாதம் நடக்கும் சாட்ஸ். மதிப்பெண்ணை 80க்கும் 120க்கும் இடையே மாற்றிக் கொடுப்பார்கள். 100 வந்தால் எதிர்பார்க்கும் தரம். (ரிப்போர்ட் கார்டில் வரும் அதே சொல்தான், ஆனால் இது பிள்ளைக்கு, அது பள்ளிக்கு. இரண்டையும் கலக்க வேண்டாம்.) வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் அந்தத் தரத்தை எட்டியவர்கள் 2025இல் நாடு முழுவதும் 62 சதவீதம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் 70 காட்டும் பள்ளி எங்கே நிற்கிறது என்று தெரியும். அதற்கு முன்பே முதலாம் ஆண்டில் ஃபோனிக்ஸ் சோதனை உண்டு, எழுத்தொலிகளைச் சேர்த்துச் சொல்லை வாசிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பது. நான்காம் ஆண்டில் வாய்ப்பாட்டுச் சோதனை: 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி. பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை வீட்டில் சொல்லிப் பழகிய நம் பிள்ளைகள் இதில் அசத்திவிடுவார்கள்.

சிறிய பள்ளியில் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணே மொத்தச் சதவீதத்தை நாலு புள்ளி ஆட்டிவிடும். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் மூன்று வருடம் பாருங்கள்.

மேல்நிலைப் பள்ளிக்கு (ஏழாம் ஆண்டிலிருந்து) ஜிசிஎஸ்இ முடிவுகள், அதாவது பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வு. இதில் ‘புரோகிரஸ் 8’ என்று ஒரு அளவு உண்டு. பிள்ளை பள்ளிக்குள் வந்தபோது இருந்த நிலையையும் பதினாறு வயதில் எழுதிய தேர்வையும் சேர்த்து, அதே நிலையில் தொடங்கிய மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடுவது. பூஜ்யம் சராசரி, அதற்கு மேல் நல்லது. மொத்த மதிப்பெண்ணைவிட இதுதான் பள்ளியின் உழைப்பைக் காட்டும். சட்டன், பார்னெட், கென்ட் பக்கத்து கிராமர் பள்ளிகள் நுழைவுத் தேர்வு வைத்து வடிகட்டி எடுப்பவை, அவற்றின் மொத்த மதிப்பெண் உயரமாக இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஒரு சிக்கல்: 2025, 2026ஆம் ஆண்டுகளில் ஜிசிஎஸ்இ எழுதியவர்களுக்கு இந்த அளவே கிடையாது. அவர்கள் ஆறாம் ஆண்டில் இருந்தபோது கொரோனாவால் சாட்ஸ் நடக்கவில்லை, தொடக்கப் புள்ளி இல்லாமல் போனது. 2024வரை உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரில் போகும்போது

பள்ளி பார்க்கும் நாட்கள் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் வரும். அடுத்த செப்டம்பரில் ஏழாம் ஆண்டுக்குச் சேர விண்ணப்பிக்கக் கடைசித் தேதி அக்டோபர் 31. ரிசெப்ஷனுக்கு ஜனவரி 15. இடம் கிடைத்ததா என்பது முறையே மார்ச் 1, ஏப்ரல் 16 வாக்கில் தெரியும். நடுவில் வந்து இறங்கியவர்கள் கவுன்சிலில் இடையாண்டுச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது காலி இடம் இருக்கும் பள்ளிதான் கிடைக்கும், அறிக்கை எப்படியிருந்தாலும்.

தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: “கடைசி அறிக்கையில் இந்தக் குறையைச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள்?” குறையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நல்ல தலைமையாசிரியர் இந்தக் கேள்விக்குச் சங்கடப்பட மாட்டார், தேதியும் பெயரும் சொல்லிப் பதில் சொல்வார். “நாங்கள் எப்போதும் முன்னேறிக்கொண்டேதான் இருக்கிறோம்” என்று பொதுவாகப் பேசினால் நீங்களே புரிந்துகொள்ளலாம். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ள பிள்ளைகளுக்கு யார், வாரத்தில் எத்தனை முறை உதவுகிறார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.

ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால்

வழக்கமாகத் திங்கட்கிழமை காலை பள்ளிக்குத் தொலைபேசி வரும். மறுநாள் ஆய்வாளர்கள் வந்துவிடுவார்கள், பொதுவாக இரண்டு நாள். திங்கள் மாலைக்குள் உங்களுக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ வரும்.

உள்ளே என்ன நடக்கும்? ஆய்வாளர்கள் தலைமையாசிரியரோடு வகுப்பு வகுப்பாக நடப்பார்கள். ஒவ்வொரு ஆசிரியரின் பாடத்துக்கும் மதிப்பெண் போடுவதில்லை. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டுவார்கள். வாசிக்கத் தடுமாறும் சின்னப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஆசிரியர் வாசிக்கச் சொல்வதைக் கவனிப்பார்கள்; அந்தப் பிள்ளையின் கையில் இருக்கும் புத்தகத்தில் அதற்குச் சொல்லிக்கொடுத்த ஒலிகள் மட்டும்தான் வருகின்றனவா என்று பார்ப்பார்கள். அலுவலகத்தில் ஊழியர்களின் பின்னணிச் சோதனைப் பதிவேட்டைக் கேட்பார்கள். பள்ளியில் வேலை செய்யும் எல்லாருடைய பெயரும் சோதனைத் தேதியும் அதில் இருக்க வேண்டும். இடைவேளையில் மைதானத்தில் நின்று, “உனக்கு ஏதாவது கவலை வந்தால் யாரிடம் சொல்வாய்?” என்று பிள்ளைகளிடம் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பிள்ளைகள் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்கிறார்களா இல்லையா என்பது, அலமாரி நிறைய அடுக்கிய கொள்கைக் கோப்புகளைவிட அதிகம் சொல்லிவிடும்.

உங்கள் வேலை இங்கேதான். அந்தக் கடிதத்தில் ‘பேரன்ட் வியூ’ என்ற இணையக் கருத்துப் படிவத்துக்கு இணைப்பு இருக்கும். என் பிள்ளை இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறதா, பாதுகாப்பாக உணர்கிறதா, சீண்டல் நடந்தால் பள்ளி உடனே கவனிக்கிறதா, இந்தப் பள்ளியை மற்றவருக்குச் சொல்வீர்களா என்ற மாதிரிக் கேள்விகள். மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும். அன்றிரவே நிரப்புங்கள், ஆய்வாளர்களுக்கு இருப்பது இரண்டே நாள்.

நம்மவர்கள் இதை நிரப்புவது குறைவு. “டீச்சருக்குத் தெரிந்தால் பிள்ளையை ஒருமாதிரி பார்ப்பார்” என்ற பயம் ஒரு பக்கம், “நமக்கென்ன தெரியும்” என்ற தயக்கம் இன்னொரு பக்கம். யார் என்ன எழுதினார்கள் என்று பெயரோடு பள்ளிக்குப் போவதில்லை. ஆங்கிலம் தடையென்றால் மூத்த பிள்ளையையோ தெரிந்தவரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி நன்றாக இருந்தால் அதையும் எழுதுங்கள். குறை உள்ளவர்கள் மட்டும் எழுதினால் படம் கோணலாகிவிடும். வாசலில் பிள்ளையை விடும்போது ஆய்வாளர் நின்றால் நேரில் பேசவும் செய்யலாம். ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். ஒப்பித்த பதில் கேட்டதுமே தெரிந்துவிடும்.

இரண்டு நாளைக்கு மட்டும் பேசினால் போதாது என்று தோன்றினால் பெற்றோர் கவர்னர் தேர்தலில் நில்லுங்கள். கவர்னர் குழு என்பது பள்ளியை மேற்பார்வையிடும் குழு. பொதுவாக நான்கு வருடப் பொறுப்பு, சம்பளம் கிடையாது. ஆய்வாளர்கள் கவர்னர்களைச் சந்தித்தே தீருவார்கள். கணக்கு வழக்கு, கம்ப்யூட்டர், மருத்துவம் தெரிந்த தமிழர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊரில் கவர்னர் குழுவில் ஒரு தமிழ்ப் பெயரும் இல்லாமல் இருப்பது எனக்கு விளங்காத விஷயம்.

மோசமான அறிக்கை வந்தால், குறை சொல்ல வேண்டுமென்றால்

பிள்ளை படிக்கும் பள்ளிக்குக் கடைசித் தரம் வந்தால் உடனே டிசி கேட்டு ஓடாதீர்கள். அதற்குப் பிறகு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்து பார்ப்பார்கள், தேவைப்பட்டால் பள்ளியின் நிர்வாகமே கைமாறும். அந்த ஒன்றிரண்டு வருடத்தில் பள்ளியின் மேல் விழும் கவனம் வேறு எந்தக் காலத்திலும் விழாது. பாதுகாப்புப் பகுதி தோற்றிருந்தால் மட்டும் வேறு கணக்கு; அப்போது போய்ப் பேசி, திருப்தியில்லையென்றால் மாற்றுங்கள்.

உங்கள் பிள்ளைக்கு நேர்ந்த ஒரு பிரச்சினையை ஆஃப்ஸ்டெட் தீர்த்து வைக்காது. இது பலருக்குத் தெரியாமல் நேரே அங்கே எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். வரிசை இப்படி: வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், அப்புறம் எழுத்து மூலம் கவர்னர் குழு. அதற்கும் பதில் சரியில்லை என்றால் கல்வி அமைச்சு. மொத்தப் பள்ளியையும் பாதிக்கும் விஷயமென்றால்தான் ஆஃப்ஸ்டெட், அதுவும் பள்ளியிடம் முறையிட்ட பிறகு. ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். கவுன்சிலின் சிறுவர் பாதுகாப்புப் பிரிவை உடனே கூப்பிடுங்கள், அவசரமென்றால் 999.

கடைசியாக, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் டியூஷனும்

வார நாளில் அறிக்கையைத் துருவிப் படிக்கும் பெற்றோர் சனிக்கிழமை எதுவும் கேட்காமல் பிள்ளையை இறக்கிவிட்டுப் போகிறார்கள். வாரத்தில் சில மணி நேரம் நடக்கும் தமிழ்ப் பள்ளி, பரதநாட்டிய வகுப்பு, லெவன் பிளஸ் (கிராமர் பள்ளி நுழைவுத் தேர்வு) டியூஷன் போன்றவற்றைப் பள்ளிகளைப் போல ஆஃப்ஸ்டெட் ஆய்வு செய்வதில்லை. அங்கே ஆய்வாளர் நீங்கள்தான். சேர்க்கும்போதே கேளுங்கள்: கற்பிப்பவர்கள் எல்லாருக்கும் டிபிஎஸ் பின்னணிச் சோதனை செய்திருக்கிறதா, பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார், முதலுதவி தெரிந்தவர் யார், வகுப்பு முடிந்தபின் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள். நடத்துபவர் மாமாவின் நண்பராக இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும்.